நேராக ஓடும் காரும் டயரைத் தின்னும்

'கார் ஒரு பக்கமாக இழுக்கவில்லையே, பிறகு எதற்கு அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிபார்த்துத் திருத்துவது)?' கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் கார் வைத்திருக்கும் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் டயரை விரைவாகத் தேய்க்கும் கோளாறு பெரும்பாலும் காரை இழுப்பதே இல்லை.

அது 'டோ' என்னும் கோணத்தில் ஏற்படுவது. மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் ஏறத்தாழ இணையாக நிற்க வேண்டும். இரண்டும் உள்நோக்கித் திரும்பியிருந்தால், இடச்சக்கரம் காரை வலப்பக்கம் தள்ளும். வலச்சக்கரம் இடப்பக்கம் தள்ளும். இரண்டும் ஈடாகிவிடுவதால் கார் நேராகவே போகும், ரப்பர்தான் தேயும். ஒரு சக்கரத்தில் மட்டும் டோ மாறியிருந்தால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், அவ்வளவே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சக்கரம் கால் டிகிரி விலகியிருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது. கோவையிலிருந்து ஈரோடு சுமார் 100 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் அந்த டயரை 400 மீட்டருக்கு மேல் குறுக்காக இழுத்திருக்கிறோம்!

இதைக் கண்டறியக் கையே போதும். வண்டியை நிறுத்திவிட்டு டயரின் குறுக்கே உள்ளங்கையால் இரு திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பும் மறு திசையில் சொரசொரப்பும் தெரிந்தால் டோவைச் சந்தேகிக்கலாம்.

முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு கேம்பர். அது மிகையானால் டயரின் ஓரம் மட்டும் மழுங்கும்.

கேஸ்டர் இன்னும் சுவையானது. சைக்கிளின் முன் கவையைப் போலவே காரின் ஸ்டீயரிங் அச்சும், அதாவது முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சும், பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வே கேஸ்டர். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஒவ்வொரு வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில் இந்தச் சாய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. சக்கரம் நேராக நிற்கையில் வழக்கமான கருவியால் இதை நேரடியாக அளக்க முடியாது. எனவே முன்சக்கரங்களைச் சுழலும் தட்டுகள் மீது நிறுத்தி, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்பி, அப்போது கேம்பர் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து கணக்கிடுகிறார்கள்.

அதே வளைவில் உட்சக்கரம் சிறிய வட்டத்தில் போவதால், வெளிச்சக்கரத்தைவிடச் சில டிகிரி கூடுதலாகத் திரும்ப வேண்டும். குதிரை வண்டிக் காலத்திலேயே இதற்கு வழி கண்டு, 1818-இல் ஆக்கர்மேன் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை வடிவமைத்தவர் ஜெர்மானியரான லாங்கென்ஸ்பெர்கர். இடப்பக்கம் திருப்பும்போதும் வலப்பக்கம் திருப்பும்போதும் இந்த வேறுபாடு ஒரே அளவில் இல்லாவிட்டால், சக்கரத்தைத் திருப்பும் 'ஸ்டீயரிங் ஆர்ம்' என்னும் கை போன்ற பாகம் வளைந்திருக்கக்கூடும்.

அளப்பதற்கு முன் டயரின் காற்றழுத்தத்தையும், சக்கரத்தைத் தாங்கும் மூட்டான பால் ஜாயின்ட், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் ஆகியவற்றின் முனைகளில் ஆட்டம் (தளர்வு) இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் அளந்த எந்த எண்ணும் நிலைக்காது. பல சிறிய கார்களின் முன்சக்கரங்களில் டோவை மட்டுமே திருத்த முடியும். அத்தகைய காரில் கேம்பர் எல்லை மீறியிருந்தால், பெரும்பாலும் பள்ளத்தில் இடித்து ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கும். அது எது என்று தேடாமல், டோவை மட்டும் திருத்தி அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.