இந்தா கிட்டத்தான்: ஓடுகிறவனின் மூளை போடும் கணக்கு

இலங்கை மலையகத்தின் அப்புத்தளை டவுனிலிருந்து தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலை வரைக்கும் ரோடு ஓடுகிறவனைப் பெரிதாகச் சோதிக்காது. சுமார் 10 கிலோமீற்றர். மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகும். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம், இடையிடையே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், கோயில்கள், ஹார்ன் அடித்துக்கொண்டே திரும்பும் பஸ். தாமஸ் லிப்டன் 1890இல் கட்டிய அந்தத் தொழிற்சாலையைத் தாண்டியதும்தான் மலை தன் குணத்தைக் காட்டும். அங்கிருந்து லிப்டன் சீட் உச்சிக்கு இன்னும் சுமார் 7 கிலோமீற்றர். முடக்குக்கு மேல் முடக்கு, எல்லாம் ஏற்றம். உச்சியின் உயரம் 1,970 மீற்றர்.

முதல் தடவை அதில் ஓடியபோது, ஏதோ ஒரு முடக்கில் மூச்சு வாங்கிக்கொண்டு, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்ற ஓர் அம்மாவிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"இந்தா கிட்டத்தான் தம்பி. ரெண்டு முடக்கு திரும்புனா வந்துரும்."

மலையகத்தில் வழி கேட்ட எல்லோருக்கும் இந்தப் பதில் பழக்கம். அந்தக் "கிட்ட" கால் மணி நேரமாகவும் இருக்கலாம், அரை நாளாகவும் இருக்கலாம். கேட்டவன் மனம் வாடிவிடக்கூடாதே என்று சொல்லும் அன்பான பொய் அது. நான் நம்பினேன். இரண்டு முடக்கும் திரும்பியாயிற்று, உச்சியைக் காணோம். மூன்றாவதில் கால் இரும்பாகிவிட்டது. நாலாவதில் ரோட்டோரக் கானில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு யோசித்துப் பார்த்தால் விசித்திரமாக இருந்தது. இரண்டாவது முடக்குக்கும் மூன்றாவது முடக்குக்கும் நடுவில் என் உடம்பில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. அதே சரிவு, அதே ஆமை வேகம். மாறியது ஒரு தகவல் மட்டும்தான்.

இதையே ஆய்வுகூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டிரெட்மில்லில் ஓடுகிறவர்களிடம் "10 நிமிடம் ஓடினால் போதும்" என்று சொல்லியிருந்தார்கள். பத்தாவது நிமிடம் முடிகிற நேரத்தில், "இன்னும் 10 நிமிடம் ஓடுங்கள்" என்றார்கள். வேகத்தைக் கூட்டவில்லை. ஆனாலும் அந்த நொடியிலிருந்து ஓடியவர்களுக்குக் களைப்பு ஏறிவிட்டது, மனநிலை சரிந்துவிட்டது. முதலிலேயே 20 நிமிடம் என்று தெரிந்து ஓடியபோது அதே பதினோராவது நிமிடத்தில் அப்படியொரு பாய்ச்சல் இல்லை.

களைப்பை எப்படி அளந்தார்கள் என்று கேட்பீர்கள். கேட்டுத்தான் அளந்தார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. 6இல் தொடங்கி 20இல் முடியும். 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இதற்கு மேல் முடியாது. அது என்ன 6? ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அவருடைய இதயத் துடிப்புக்கு ஏறக்குறையக் கிட்ட வரவேண்டும் என்பது போர்க்கின் எண்ணம். எளிமையான கருவிதான். ஆனால் நீண்ட தூர ஓட்டத்தில் ஒருவர் எப்போது கைவிடுவார் என்பதை ஊகிக்க இந்த எண் நன்றாகவே உதவுகிறது.

கால் நின்றுபோவது தசை தீர்ந்துபோவதால்தான் என்று நெடுங்காலம் நினைத்தோம். சாமுவேலே மார்க்கோரா என்ற இத்தாலிய உடலியல் ஆய்வாளரும் அவருடைய சகாவும் 2010இல் வெளியிட்ட சோதனை அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. ரக்பி வீரர்களை ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளில் ஏற்றி, சராசரியாக 242 வாற்று வலுவில், முடியாது என்று கைவிடும் வரை மிதிக்கச் சொன்னார்கள். சுமார் 10 நிமிடத்தில் கைவிட்டார்கள். கைவிட்ட அடுத்த கணமே, "ஐந்தே ஐந்து விநாடி முழுப் பலத்தோடு மிதியுங்கள்" என்றார்கள். வந்தது 731 வாற்று. அதாவது, 242ஐத் தாங்கமுடியாது என்று சற்று முன் நின்ற அதே கால்கள் அதன் மூன்று மடங்கைக் கொடுத்தன.

சரி, அப்படியானால் நிறுத்தியது யார்? தென்னாபிரிக்காவின் டிம் நோக்ஸ், மூளை நமக்குத் தெரியாமலே ஒரு காவல்காரனைப் போல உடம்பை முன்கூட்டியே அடக்கிவிடுகிறது என்றார். மார்க்கோரா அப்படி ஒரு மறைவான காவல்காரன் தேவையில்லை என்கிறார். உணரும் சிரமம் ஒரு பக்கம், அதற்காகக் கொடுக்க மனம் இசையும் விலை மறுபக்கம். முதலாவது இரண்டாவதைத் தாண்டும்போது, தெரிந்தே நிறுத்துகிறோம். அவ்வளவுதான். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. எனக்கு மார்க்கோராவின் கணக்கு பிடிக்கும், அதில் ஓடுகிறவனுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பதால்.

மரதன் முடிவு நேரங்களைக் கிட்டத்தட்ட ஒரு கோடி அளவில் திரட்டிப் பார்த்த பொருளியல் ஆய்வு ஒன்றும் இதையே காட்டுகிறது. 3 மணி, 4 மணி ஆகிய முழு எண்களுக்குச் சற்று முன்னால் ஓட்டக்காரர்கள் குவிந்து கிடக்கிறார்கள். 4 மணி என்பது கடிகாரத்தின் எண். தசைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது.

ஆக, "மனதைத் தளரவிடாதே" என்று பெரியவர்கள் சொல்வதில் வெறும் ஆறுதலுக்கு மேல் ஒன்று இருக்கிறது. மனதில் எழும் வார்த்தை, சிரமத்தையும் விலையையும் நிறுக்கும் அந்தத் தராசின் எந்தத் தட்டில் விழுகிறது என்பதுதான் விஷயம். 2014இல் மார்க்கோராவின் குழு 24 பேரை வைத்துப் பார்த்தது. பாதிப் பேருக்குத் தமக்குத் தாமே பேசிக்கொள்ளப் பயிற்சி கொடுத்தார்கள். ஓட்டத்தின் முன்பகுதிக்கு ஒரு வாக்கியம், முடிவை நெருங்கும்போது வேறொரு வாக்கியம், இவற்றை அவரவரே தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பழகினார்கள். அப்புறம் மறுபடி சைக்கிள் சோதனை. பழகியவர்கள் முன்னைவிட 18 வீதம் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். அதே சுமையில் அவர்கள் சொன்ன சிரம எண்ணும் குறைந்திருந்தது. பழகாதவர்களிடம் மாற்றமில்லை.

இரண்டு வாரம் என்பதைக் கவனியுங்கள். ஏற்றத்தில் நாக்கு வெளியே தள்ளும்போது புதிதாக ஒரு நல்ல வாக்கியம் யாருக்கும் தோன்றாது. தோன்றுவதெல்லாம் "எதுக்குடா வந்தே" என்பதுதான். ஓட்டத்துக்கு முன்பே வாக்கியம் கையில் இருக்கவேண்டும். என்னுடையது மிகச் சாதாரணம்: "மெதுவாப் போ, நிக்காத." அதை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு இன்னொருவனிடம் சொல்வதுபோலச் சொல்வேன். அமெரிக்க உளவியலாளர் ஈதன் க்ராஸின் ஆய்வுகள், நெருக்கடியில் "நான்" என்று யோசிக்கிறவர்களைவிடத் தம் பெயரால் தம்மை அழைத்து யோசிக்கிறவர்கள் பதற்றத்தைச் சிறப்பாகக் கையாள்வதாகக் காட்டுகின்றன. பக்கத்தில் ஆள் இருந்தால் மனதுக்குள் சொல்லிக்கொள்வது நல்லது. ஊரில் ஏற்கெனவே ஓடுகிறவனை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

சிரிப்பும் உதவுகிறது, முகத்தில் வரவழைத்துக்கொண்ட சிரிப்பாக இருந்தாலும். கழக மட்டத்தில் ஓடும் 24 பேரை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, முகம் சுளித்து ஓடியதைவிடப் புன்னகைத்து ஓடியபோது அதே வேகத்துக்குச் சுமார் 2.8 வீதம் குறைந்த ஒட்சிசனே செலவானதாகச் சொல்கிறது. முகத்தை இறுக்கினால் தோளும் கையும் சேர்ந்து இறுகும் என்பது ஒரு விளக்கம். 2019இல் வியன்னாவில் மரதன் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடிக்காட்டிய எலியுட் கிப்சோகே வலிக்கிற நேரத்தில் வேண்டுமென்றே சிரிப்பவர். நான் செய்து பார்த்தபோது எதிரே வந்த நாய் குரைத்தது. மற்றபடி நஷ்டமில்லை.

இனி எல்லோரும் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். நல்லதையே நினைத்தால் நல்லதே நடக்கும் என்று சொல்கிறார்களே, அது ஓட்டத்தில் காலை வாரிவிடும். ஜெர்மன் உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் இதை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவர். ஆசைப்பட்டது நடந்துமுடிந்துவிட்டதுபோல இனிமையாகக் கற்பனை செய்கிறவர்களின் உடம்பு தளர்ந்துவிடுகிறது என்று 2011இல் அவரும் சகாவும் காட்டினார்கள். இரத்த அழுத்தம்கூட இறங்குகிறது. கற்பனையிலேயே உச்சிக்குப் போய்விட்டவனுக்கு மீதி மலை எதற்கு? அவர் பரிந்துரைப்பது வேறு: ஆசையையும் நினை, நடுவில் நிற்கும் தடையையும் நினை, தடை வந்தால் என்ன செய்வேன் என்பதையும் இப்போதே முடிவு செய். "ஐந்தாவது முடக்கில் நிச்சயம் நெஞ்சு அடைக்கும். அடைத்தால் அடுத்த மைல்கல் வரை நடப்பேன்." இதில் இனிப்பு இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. நடப்பதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. மிகச் செங்குத்தான ஏற்றத்தில் அதே வேகத்தில் ஓடுவதைவிட நடப்பதற்குச் சக்தி குறைவாகவே செலவாகும்.

உண்மையைத் தெரிந்துகொள்வதே சில நேரம் தைரியம் தருகிறது. கொழும்பிலிருந்து வந்து இங்கே ஓடும் நண்பர்கள் முதல் நாளே "எனக்கு ஸ்டேமினா போய்விட்டது" என்று துவண்டுவிடுவார்கள். 2,000 மீற்றரை நெருங்கும் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஒரு மூச்சில் உள்ளே போகும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. இளைப்பது அவர்கள் அல்ல, காற்று. இதைச் சொன்னால் மூச்சு வாங்குவது நிற்காது, பயம் நிற்கும். இறக்கத்தில் ஓடிய மறுநாள் படி இறங்க முடியாமல் தொடை கெஞ்சுவதும் அப்படித்தான். நீளும்போதே சுமை தாங்கிய தசையில் ஏற்படும் நுண்ணிய சேதம் அது, சில நாளில் ஆறிவிடும்.

மனம் ஓட்டத்தை ஆளுகிறது என்றால், வேலையால் களைத்த மனம் ஓட்டத்தைக் கெடுக்கவும் வேண்டுமல்லவா? கெடுக்கிறது. 90 நிமிடம் கணினித் திரையின் முன் கவனத்தைக் கசக்கிப் பிழியும் வேலை செய்துவிட்டுச் சைக்கிள் மிதித்தவர்கள், ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதித்ததைவிடச் சுமார் 15 வீதம் முன்னதாகவே நிறுத்தினார்கள். 2009இல் வந்த முடிவு இது. இதயமும் தசையும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. மாதக் கடைசிக் கணக்கு முடித்துவிட்டு மாலையில் ஓடப்போகிறவர், கால் வரவில்லையே என்று தன்னை நொந்துகொள்ள வேண்டாம்.

இந்தச் சோர்வுக்கு நம்மூர் மருந்து தேத்தண்ணி. அதிலுள்ள கஃபீன், மூளையில் களைப்பைச் சொல்லும் அடினோசினின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிரம எண் குறைகிறது. ஆனால் ஆய்வுகளில் பொதுவாகக் கொடுப்பது உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம். ஒரு கப் பிளேன்டீயில் சுமார் 40 மில்லிகிராம்தான். 60 கிலோ ஆள் அந்த அளவை எட்ட நாலைந்து கப் குடித்துவிட்டு, வழியெல்லாம் புதர் தேட வேண்டியிருக்கும். சீனி போட்ட தேநீருக்கு இன்னொரு குணம் உண்டு. மாச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பினாலே ஒரு மணி நேரச் சைக்கிள் ஓட்டத்தில் சுமார் 3 வீதம் வேகம் கூடியதாக 2004இல் கண்டார்கள். வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை, "சாப்பாடு வருகிறது" என்ற செய்தி மட்டும் மூளைக்குப் போயிற்று. அதுவும் ஒரு பொய்தானே என்றால், ஆமாம். சின்னப் பொய்கள் சில செல்லுபடியாகின்றன, ஒத்துக்கொள்கிறேன்.

கூட்டத்தின் பலத்தைப் பார்க்க சிவனொளிபாத மலைக்குப் போகவேண்டும். நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து 5,000க்கும் மேற்பட்ட படிகள், உச்சி 2,243 மீற்றர். பருவகால இரவில் எழுபது வயதுப் பாட்டி ஏறுவாள், ஜிம்முக்குப் போகும் பையன் படியில் உட்கார்ந்திருப்பான். இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களை வாழ்த்திக்கொண்டே போவார்கள். 2010இல் ஒக்ஸ்போர்ட் படகோட்டிகளை வைத்து நடந்த சோதனையில், தனியே துடுப்புப் போட்டதைவிடச் சேர்ந்து ஒரே தாளத்தில் போட்ட பிறகு வலி தாங்கும் அளவு உயர்ந்திருந்தது. செய்த உழைப்பு ஒன்றுதான். என் கணிப்பில் அந்த மலையில் இன்னொன்றும் உதவுகிறது: இருட்டில் மேலே வரிசையாகத் தெரியும் விளக்குகள். எவ்வளவு மிச்சம் என்பதை அவை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றன.

ஒன்றை இங்கே சொல்லாமல் போகமுடியாது. இதெல்லாம் நாமே தேர்ந்துகொண்ட கஷ்டத்துக்கான அறிவியல். நான் ஓடும் அதே சரிவில் மழையில் நனைந்தபடி கொழுந்து பறிக்கிறவர்கள், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்ற கணக்கில் நிற்கிறவர்கள், அவர்களிடம் போய் "பொசிட்டிவ்வாக இருங்கள்" என்பது அசிங்கம். அவர்களுக்கு வேண்டியது சம்பளம்.

ஓடுகிறவருக்கும் வலியை முழுதாக அணைத்துவிடுவது நல்லதல்ல. 2009இல் சைக்கிள் வீரர்களின் முதுகுத்தண்டில் ஃபெண்டனில் என்ற வலிநீக்கி மருந்தைச் செலுத்தி, காலிலிருந்து மூளைக்குப் போகும் செய்தியைத் தடுத்து 5 கிலோமீற்றர் ஓட்டச் சொன்னார்கள். முதல் பாதியில் பறந்தார்கள், இரண்டாம் பாதியில் துவண்டார்கள். மொத்த நேரத்தில் லாபமே இல்லை. முடிந்தபின் ஒழுங்காக நடக்கவும் முடியவில்லை. வலி கணக்குச் சொல்கிற கங்காணி. அவன் கத்தலைச் சற்றுத் தணிக்கலாம், வாயைக் கட்டக்கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்றல், குழப்பம், ஒரே இடத்தில் குத்தும் கூர்மையான வலி, இவற்றுக்கு எந்த நல்ல வாக்கியமும் மருந்தல்ல. நிறுத்தவேண்டியதுதான்.

போன மாதம் லிப்டன் சீட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். பாதி மலையில் நாலைந்து பொடியன்மார், முகமெல்லாம் சிவந்து, இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

"அண்ணே, இன்னும் எவ்வளவு தூரம்?"

நாக்கு நுனி வரை "கிட்டத்தான்" வந்தது. விழுங்கிவிட்டு, "மூணரை கிலோமீற்றர். பூரா ஏத்தம்" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் என்னைக் கொஞ்சம் கோபமாகவே பார்த்தான். அப்புறம் பின்னால் வந்த ஆட்டோவை மறித்து எல்லோரும் ஏறிக்கொண்டார்கள்.