இராவணன் ‘எதிர்மறை நாயகன்’ அல்லன், எதிர்த்தலைவன்

கம்பராமாயணம் பற்றிய மேடைப்பேச்சுகளிலும் கட்டுரைகளிலும் இராவணனை ‘எதிர்மறை நாயகன்’ என்று குறிப்பது வழக்கமாகிவிட்டது. ‘வில்லன்’ என்னும் திரைச்சொல்லைக் காப்பியத்துக்குள் கொண்டுவரக் கூசுகிறவர்கள் அதற்கு நல்ல தமிழ் என்று நம்பி இதை எடுத்தாள்கிறார்கள். அந்தக் கூச்சத்தை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் தேர்ந்த சொல் பொருளைக் கெடுக்கிறது. எதிர்மறை நாயகனிடம் வீரம் தெரியலாமா, அவனை நாம் வியக்கலாமா என்று அவர்களே பிறகு ஒரு சிக்கலை எழுப்பி விடை தேடுகிறார்கள். அந்தச் சிக்கலில் பெரும்பகுதி, எடுத்துக்கொண்ட சொல்லால் விளைந்தது.

முதலில் ‘வில்லன்’. இலத்தீனில் ‘வில்லா’ என்பது பண்ணைவீடு. அதைச் சார்ந்து உழைத்த குடியானவன் ‘வில்லானுஸ்’. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல் நாட்டுப்புறத்தானைக் குறித்து, பிறகு இழிந்தவனைக் குறித்து, கடைசியில் தீயவனுக்கு ஆயிற்று. தமிழ்ச் செவிக்கு இதில் வேறொரு தொல்லையும் உண்டு. ‘வில்லோன் காலன கழலே’ என்று குறுந்தொகை பாடுவது வில்லேந்திய தலைவனை. வில்லை அடையாளமாகக் கொண்டவன் இராமனாக இருக்க, அவன் பகைவனை வில்லன் என்பது எவ்வகையிலும் பொருந்தாது.

வடமொழியார் இதற்குப் ‘பிரதிநாயகன்’ என்றார்கள். 10ஆம் நூற்றாண்டுத் தனஞ்சயனின் நாடக இலக்கண நூலான தசரூபகம், பேராசை, செருக்கு, பிடிவாதம், பாவச்செயல் உடைய பகைவன் என்று அவனுக்கு இலக்கணம் சொல்லும். அதன் உரை இராவணனையும் துரியோதனனையும் எடுத்துக்காட்டும். சொல் பொருத்தமானதே. ஆயினும் இன்றைய தமிழில் ‘பிரதி’ என்றால் படி, நகல் என்றே முதலில் தோன்றுவதால், இராவணன் இராமனின் நகலோ என்று மயங்க இடமாகிறது.

இனி ‘எதிர்மறை’. இது இலக்கணக்காரர் சொல். ‘செய்தான்’ என்பதற்கு எதிர்மறை ‘செய்யான்’. ‘வந்த’ என்பதற்கு எதிர்மறை ‘வாராத’. ஒன்று இல்லை, ஒன்று நிகழவில்லை என்று மறுப்பதே அதன் வேலை. அப்படியானால் எதிர்மறை நாயகன் என்பவன் நாயகத்தன்மை மறுக்கப்பட்டவன், நாயகன் அல்லாதவன். வாரணம் பொருத மார்பும், வரையினை எடுத்த தோளும், நாரதர்க்கு ஏற்ப நயம்பட உரைத்த நாவும் உடையவன் என்று கம்பர் அடுக்கிச் சொல்கிறவனுக்கு இந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? சட்டமன்றத்தில் ஆளுங்கட்சிக்கு முன்னே அமர்ந்திருப்பவரை நாம் எதிர்க்கட்சித் தலைவர் என்கிறோம். எதிர்மறைக் கட்சித் தலைவர் என்று யாரும் சொல்வதில்லை. எதிரணி, எதிர்வாதம், எதிர்க்கரை என்று வழங்கும்போதெல்லாம் ‘எதிர்’ ஒருவர் நிற்கும் பக்கத்தைத்தான் காட்டுகிறது; குணத்தைக் காட்டுவதில்லை. ‘எதிர்’, ‘எதிர்மறை’ என்னும் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது ஆங்கிலச் சொல்லின் முன்னொட்டைப் பார்த்துவிட்டுத் தமிழில் கைக்குக் கிடைத்ததை ஒட்டும் பழக்கத்தின் விளைவு. ‘எதிர்மறை விமர்சனம்’, ‘எதிர்மறை எண்ணம்’ என்று எல்லா இடத்திலும் இச்சொல்லைப் பரப்பியவர்கள், கண்டனம், குறைகூறல், அவநம்பிக்கை என்று தனித்தனியே நமக்கு இருந்த சொற்களையெல்லாம் மூலையில் தள்ளிவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தாம் எழுதும் சொல்லைத் தமிழ் வாக்கியம் ஒன்றில் வைத்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் இந்த நிலை வந்திராது.

சிலர் ‘கயவன்’ என்கிறார்கள். அது இன்னும் மோசம். துன்பம் ஒன்று வந்துற்றால் தம்மை விரைந்து விற்றுவிடுவதற்கன்றிக் கயவர் வேறு எதற்கு உரியர் என்று கேட்கிறது கயமை அதிகாரத்தின் கடைசிக் குறள். இராவணன் செய்ததோ இதற்கு நேர்மாறு. மைந்தன் இந்திரசித்தே சீதைமேல் வைத்த ஆசையை விட்டுவிடு என்று சொன்னபோது, முன்பு மாண்டவர்கள் முடிப்பார்கள் என்றோ இருப்பவர்கள் வெல்வார்கள் என்றோ நீ வென்று தருவாய் என்றோ எண்ணி இந்தப் பகையைத் தேடவில்லை, ‘என்னையே நோக்கி யான் இந்நெடும் பகை தேடிக்கொண்டேன்’ என்கிறான். வெல்லாவிட்டாலும் இராமன் பெயர் நிற்கும்வரை நானும் நின்றிருப்பேனே, புகழுக்கும் இறுதி உண்டோ என்றும் கேட்கிறான். பிறன் மனைவியைச் சிறைவைத்தவன் அறம் பிழைத்தவன், ஐயமில்லை. ஆனால் விலைபோகிறவன் அல்லன். அறம் பிழைத்தவனிடம் வீரம் இருக்கும் என்பதைக் கம்பர் எங்கும் மறைக்கவில்லை.

மறைக்கவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. பகைவனின் குலம், வீரம், கல்வி ஆகியவற்றையும் வருணித்து, அவனை வென்றதைக்கொண்டு தலைவனை உயர்த்துவது நமக்கு உவப்பானது என்று வடமொழி அணியிலக்கண ஆசிரியர் தண்டி தம் காவியாதர்சத்தில் எழுதினார். தமிழில் இந்த மனம் அதற்கும் முந்தியது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நேரே பார்த்து, முதுகில் பட்ட புறப்புண்ணுக்கு நாணி, உண்ணாமல் வடக்கு நோக்கியிருந்து உயிர்விடத் துணிந்த உன் பகைவன் ‘நின்னினும் நல்லன் அன்றே’ என்று கேட்டவர் சங்கப் புலவர் வெண்ணிக் குயத்தியார். அந்த மரபில் வந்த கம்பர், எல்லாம் இழந்து நின்ற பகைவனிடம் ‘இன்று போய்ப் போர்க்கு நாளை வா’ என்று இராமனைச் சொல்லவைத்தார். இராவணன் இறந்தபின் அவன் முகங்கள் முன்னினும் மும்மடங்கு பொலிந்தன என்று பாடினார். அதே பாட்டில் அவனை ‘முறை துறந்தான்’ என்றும் சொல்கிறார். பொலிவும் பிழையும் ஒரே அடிக்குள் அடங்கியிருக்கின்றன.

ஆகவே வேண்டிய சொல், குணத்தைத் தீர்ப்பிடாமல் காப்பியத்தில் அவன் நிற்கும் இடத்தைச் சொல்வதாக இருக்கவேண்டும். பெருங்காப்பியம் ‘தன்னிகர் இல்லாத் தலைவனை’ உடையது என்று தமிழ் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்வதால், அவனுக்கு எதிரே நிற்பவன் எதிர்த்தலைவன். ‘எதிர்நாயகன்’ என்பதிலும் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆனால் வீரமோ இலட்சியமோ இல்லாமல் கதையின் நடுவே நிற்கும் இன்றைய நாவல் மாந்தனுக்கும் அதையே வழங்குவதால் குழப்பம் நேர்கிறது. அவனுக்கு வேண்டுமானால் ‘எதிர்மறை நாயகன்’ இருக்கட்டும். அவனிடம் உண்மையிலேயே நாயகத்தன்மை மறுக்கப்பட்டிருக்கிறது.

எதிர்த்தலைவன் என்றதால் தீமையைச் சொல்ல வாயில்லாமல் போய்விடாது. ‘இன்னல்செய் இராவணன் இழைத்த தீமைபோல்’ கொடுமனக் கூனி தோன்றினாள் என்று கம்பர் ஒரே பாட்டில் இருவரையும் சேர்த்துக் கடிகிறார். கூனியைக் கொடியவள் என்றால் போதும். இராமனுக்கு நிகராக எதிரே நின்று போர்புரிய அவளால் முடியாது, ஆகவே அவளை எதிர்த்தலைவி என்று யாரும் சொல்லப்போவதில்லை.