ஒரே இரவில் ஆறு எடைப்பிரிவுகள் எதற்கு?

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு யூ.எஃப்.சி. நிறுவனம் கூண்டுக்குள் நடத்தும், எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புச் சண்டைகளை நம் ஊரில் ஞாயிறு காலை இட்லித் தட்டோடு பார்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர். சண்டையைப் புரிந்துகொள்வதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. யார் கழுத்தைப் பிடித்தார், யார் தட்டிச் சரணடைந்தார் என்று சின்னப் பையன்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். குழப்பமெல்லாம் சண்டை முடிந்த பிறகுதான். ஜெயித்தவர் அடுத்து யாரோடு மோதுவார்? இந்த எடையில் இப்போது சாம்பியன் யார்? 'இடைக்காலச் சாம்பியன்' என்கிறார்களே, அப்படியென்றால் அசல் சாம்பியன் எங்கே போனார்?

நான் எம்.எம்.ஏ. பயிற்சி கொடுப்பவன். அமெச்சூர் போட்டிகளில் எடை பார்க்கும் மேசையிலும் ஜோடி போடும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். மேலே சொன்ன கேள்விகளைப் பலரும் ரசிகனின் தலைவலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் அனுபவம் வேறு. எடைப்பிரிவின் வரிசை வெளியே தெரியாத இடத்தில் கடைசி நேர மாற்றங்கள் வரும், அவசர எடைக் குறைப்பு வரும். அதற்கான விலையைக் கொடுப்பது வீரனின் உடம்பு.

1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யூ.எஃப்.சி.யில் எடைப்பிரிவே கிடையாது. எட்டுப் பேர், ஒரே இரவு, ஒரு வெற்றியாளர். பார்ப்பவர்களுக்கு அதைவிடத் தெளிவாக எதுவும் இருக்க முடியாது. சண்டை போடுபவர்களுக்கு அதைவிட ஆபத்தாகவும் இருக்க முடியாது. 1997இல் 200 பவுண்டுக்கு (சுமார் 91 கிலோ) மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்தார்கள். பிறகு நியூ ஜெர்சி, நெவாடா மாநிலங்கள் பொது விதிகளைக் கொண்டுவந்த 2000, 2001 வாக்கில்தான் இன்றைய வடிவம் உருவானது. இப்போது ஆண்களுக்கு 125 பவுண்டு ஃப்ளைவெயிட் முதல் 265 பவுண்டு ஹெவிவெயிட் வரை எட்டுப் பிரிவுகள். பெண்களுக்கு 115, 125, 135 என மூன்று. பெண்களுக்கு 145 பவுண்டுப் பிரிவும் இருந்தது. 2023இல் அதன் சாம்பியன் அமாண்டா நூனெஸ் ஓய்வு பெற்றதோடு அது கலைந்துவிட்டது.

போதாததற்கு, ஒரே பெயருக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு எடை. குத்துச்சண்டையில் லைட்வெயிட் என்றால் 135 பவுண்டு, யூ.எஃப்.சி.யில் 155, ஆசியாவின் ஒன் சாம்பியன்ஷிப் ('ஒன்') நிறுவனத்தில் 170. இதில் ஒன் செய்ததை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். 2015 டிசம்பரில் மணிலாவில் நடக்கவிருந்த போட்டிக்காக எடை குறைத்துக்கொண்டிருந்த சீன வீரர் யாங் ஜியான்பிங் 21 வயதில் இறந்துபோனார். அதன் பிறகு உடம்பிலிருந்து தண்ணீரை வற்றவைத்து எடை காட்டுவதை ஒன் தடை செய்தது, சிறுநீர்ப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது, பிரிவுகளின் எடையை ஒரு படி மேலே ஏற்றியது. யூ.எஃப்.சி.யில் 125 பவுண்டில் பட்டத்தை 11 முறை தொடர்ந்து காத்த டெமெட்ரியஸ் ஜான்சன், ஒன்னில் அதே ஃப்ளைவெயிட் என்ற பெயரில் 135 பவுண்டில் சாம்பியன் ஆனார். அதனால் நான் மாணவர்களிடம் பிரிவின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டேன். 57 கிலோ, 61 கிலோ, 66 கிலோ என்றுதான் பேசுகிறோம்.

பெயர்க் குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். வரிசைக் குழப்பம் என்ன செய்யும் என்பதற்கு யூ.எஃப்.சி.யின் 155 பவுண்டுப் பிரிவு 2016 நவம்பரிலிருந்து 2018 ஏப்ரல் வரை பட்ட பாட்டைப் பார்த்தால் போதும்.

2016 நவம்பர் 12, நியூ யார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் யூ.எஃப்.சி. 205. ஒரே இரவில் மூன்று பட்டச் சண்டைகள், மொத்தம் ஆறு எடைப்பிரிவுகள். இரவின் முக்கியச் சண்டையான மெயின் ஈவென்டில் கானர் மெக்கிரெகர், எட்டி ஆல்வரெஸை வீழ்த்தி 155 பவுண்டுப் பட்டத்தைப் பிடித்தார். 145 பவுண்டுப் பட்டமும் அப்போது அவரிடமே இருந்தது. அதே இரவில், அதே 155 பவுண்டில் கபீப் நூர்மகொமெடோவ் மைக்கேல் ஜான்சனைத் தோற்கடித்தார். நியாயமாகப் பார்த்தால் சாம்பியனும் அடுத்த போட்டியாளரும் ஒரே மேடையில் தயாராகிவிட்டார்கள். ஆனால் கபீபின் சண்டை, முக்கியச் சண்டைகளுக்கு முன் நடக்கும் முன்னோட்டப் பகுதியில் இருந்தது. இடையில் மிடில்வெயிட், பெண்கள் பிரிவு, வெல்டர்வெயிட் என்று வேறு சண்டைகள் ஓடின. புதிதாகப் பார்த்த ஒருவருக்கு அந்த இரண்டு சண்டைகளும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

அப்புறம் நடந்தது இன்னும் கூத்து. இரண்டு வாரத்தில் மெக்கிரெகர் 145 பவுண்டுப் பட்டத்தை விட வேண்டிவந்தது. அந்த எடையில் இடைக்காலச் சாம்பியனாக, அதாவது அசல் சாம்பியன் சண்டைக்கு வராதபோது தற்காலிகப் பட்டம் பெற்றவராக இருந்த ஜோசே ஆல்டோ அசல் சாம்பியன் ஆனார். கையோடு மேக்ஸ் ஹாலோவே, ஆன்டனி பெட்டிஸ் என்ற இரு வீரர்களுக்கும் இடையே புதிதாக ஓர் இடைக்காலப் பட்டச் சண்டையும் அறிவித்தார்கள். ஆரோக்கியமான ஒரு சாம்பியன் இருக்கும்போது இடைக்காலம் எதற்கு என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. அந்தச் சண்டைக்குப் பெட்டிஸ் எடையைக் காட்டவில்லை, மூன்று பவுண்டு கூடுதல்.

155இல் மெக்கிரெகர் ஒருமுறைகூடப் பட்டத்தைக் காக்கவில்லை. 2017 ஆகஸ்டில் மேவெதரோடு குத்துச்சண்டைக்குப் போனார். 2017 மார்ச்சில் கபீபுக்கும் டோனி ஃபெர்கசனுக்கும் இடைக்காலப் பட்டச் சண்டை வைத்தார்கள். எடை குறைக்கும்போது கபீப் மருத்துவமனைக்குப் போக நேர்ந்து, முந்தைய நாள் அது ரத்தானது. அக்டோபரில் ஃபெர்கசன் இன்னொருவரை வென்று இடைக்காலச் சாம்பியன் ஆனார். 2018 ஏப்ரலில் ப்ரூக்ளினில் இருவரையும் மறுபடி மோதவிட ஏற்பாடு. ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் கேபிள் வயர் தடுக்கி ஃபெர்கசனின் முழங்கால் போனது. அறிவிப்பு வந்த தேதி ஏப்ரல் 1 என்பதால் பலரும் நம்பவில்லை. பதிலுக்கு 145 பவுண்டுச் சாம்பியன் மேக்ஸ் ஹாலோவே ஆறு நாள் அவகாசத்தில் வந்தார். எடை பார்க்கும் நாளில், நியூ யார்க் மாநிலத்தில் சண்டைகளைக் கண்காணிக்கும் ஆணையத்தின் மருத்துவர்கள் அவரைச் சண்டைக்குத் தகுதியில்லை என்று நிறுத்தினார்கள்.

கடைசியில் அந்த இரவைக் காப்பாற்றியது யார்? அதே நிகழ்ச்சியில் அதே 155 பவுண்டில் வேறொருவரோடு சண்டைக்கு வந்திருந்த ஆல் அயக்விண்டா. அவர் எடை ஏற்கெனவே ஏறக்குறைய சரியாக இருந்தது. பட்டம் இல்லாத சண்டைக்கு ஒரு பவுண்டு சலுகை உண்டு, அந்தக் கணக்கில் 155.2 காட்டியிருந்தார். அந்த 0.2 பவுண்டுக்காக அவருக்குப் பட்டத் தகுதி கிடையாது, கபீபுக்கு மட்டும் உண்டு என்றார்கள். அபத்தம்தான். ஆனாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அயக்விண்டா அங்கே இருந்தது திட்டமிட்டு நடந்ததல்ல, தற்செயல். அதைத் திட்டமாகவே ஆக்கினால் என்ன?

என் யோசனை இதுதான். ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு எடைப்பிரிவுகள் போதும். உதாரணமாக 155 பவுண்டு இரவு என்றால் பட்டச் சண்டை, அடுத்த போட்டியாளரைத் தீர்மானிக்கும் சண்டை, தரவரிசையில் பத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் ஒன்றிரண்டு சண்டைகள் எல்லாம் அதே இரவில். கூடவே இன்னொரு பிரிவுக்கும் அதே போல. இப்படிச் செய்தால் சாம்பியனும் அடுத்த போட்டியாளரும் ஒரே நாளில் சண்டை போட்டு, ஒரே காலத்தில் ஓய்வெடுத்து, ஒரே காலத்தில் தயாராவார்கள். சண்டைக்குப் பின் ஆணையங்கள் விதிக்கும் மருத்துவ ஓய்வு சிலருக்கு 30 நாள், எலும்பு முறிந்தவர்களுக்கு 180 நாள்கூட ஆகும். ஒருவர் மார்ச்சில் சண்டை போட்டு மற்றவர் ஜூலையில் போட்டால், நாள்காட்டி ஒருபோதும் ஒத்துவராது. யாராவது கடைசி நேரத்தில் விழுந்தாலும் அதே எடையில், மருத்துவப் பரிசோதனை முடித்த ஒருவர் பக்கத்து அறையிலேயே இருப்பார். வேறு எடையிலிருந்து ஒருவரை இழுத்து வந்து ஆறு நாளில் உடம்பை வறுக்க வேண்டியதில்லை.

கணக்கும் இடிக்கவில்லை. ஒளிபரப்பு நிறுவனமான பாராமவுன்டோடு யூ.எஃப்.சி. செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 2026 முதல் ஆண்டுக்கு 13 எண்ணிட்ட பெரிய நிகழ்ச்சிகள், ஃபைட் நைட் எனும் சிறிய நிகழ்ச்சிகள் 30. பெரிய நிகழ்ச்சிக்கு இரண்டு பட்டச் சண்டைகள் என்றால் ஆண்டுக்கு 26. பிரிவுகள் 11. ஒவ்வொரு சாம்பியனும் ஆண்டுக்கு இரண்டு முறை, கிட்டத்தட்ட முன்கூட்டியே தெரிந்த மாதங்களில் வருவார். சிறிய நிகழ்ச்சிகளையும் சேர்த்தால் ஒவ்வொரு எடைக்கும் ஆண்டில் ஏழெட்டு இரவுகள் கிடைக்கும். இந்த ஒப்பந்தத்தோடு அமெரிக்காவில் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கும் முறையும் போகிறது. ஒரே இரவில் மூன்று பெல்ட்டுகளை அடுக்கி விற்க வேண்டிய கட்டாயம் குறையும்போது இதை முயன்று பார்க்கலாம்.

இது புது யோசனையும் அல்ல. ஜப்பானின் பிரைட் நிறுவனம் 2005இல் மிடில்வெயிட் கிராண்ட் ப்ரீ என்ற வெளியேற்றுப் போட்டியை ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட் என மூன்று நிகழ்ச்சிகளில் நடத்தியது. அந்த ஆண்டு அதை ஜெயித்த ஷோகன் ரூவா யார் யாரை வென்று மேலே வந்தார் என்று பழைய ரசிகர்கள் இன்றும் வரிசையாகச் சொல்வார்கள். 2018இல் பி.எஃப்.எல். என்ற அமெரிக்க நிறுவனம் தொடங்கிய சீசன் முறை இன்னும் நேரடியாக இருந்தது. ஓர் இரவில் இரண்டு பிரிவுகள், வெற்றிக்கு 3 புள்ளி, முதல் ரவுண்டில் முடித்தால் கூடுதலாக 3, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. கூண்டுக்குள் நுழையும் வீரனுக்கு என்ன தேவை என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரிந்தது. ஆசிய வீரர்களுக்காக யூ.எஃப்.சி.யே நடத்தும் ரோட் டு யூ.எஃப்.சி. என்ற தேர்வுப் போட்டியில் எட்டுப் பேர் கொண்ட அட்டவணைதான். முதல் சீசனில் 155 பவுண்டில் நம் அன்ஷுல் ஜுப்லி வென்று ஒப்பந்தம் பெற்றதை இந்திய ரசிகர்கள் எளிதாகப் பின்தொடர்ந்ததற்கு அதுவே காரணம்.

ஆனால் டோர்னமென்ட் என்றாலே கைதட்டிவிட வேண்டாம். பிரைடில் அரையிறுதியும் இறுதியும் ஒரே இரவு. தலையில் அடி வாங்கியவரை இரண்டு மணி நேரத்தில் மறுபடி உள்ளே அனுப்புவதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மல்யுத்தத்தில் 2018 முதல் ஒவ்வோர் எடைக்கும் இரண்டு நாள், இரண்டு காலையும் எடை பார்ப்பார்கள். எந்த நாளில் எந்த எடை என்பதில் சந்தேகமே வராது, அட்டவணை அவ்வளவு சுத்தம். அதே முறையில்தான் 2024 பாரிஸில் வினேஷ் போகாட் இரண்டாம் நாள் காலை 100 கிராம் கூடுதலாக இருந்து இறுதிப் போட்டியை இழந்தார். பார்ப்பவருக்கு எளிதாக்கும்போது எடை பார்க்கும் முறையையும் சேர்த்து யோசிக்காவிட்டால், சுமை முழுக்க வீரர் தலையில் விழும். நான் சொல்லும் முறையில் ஒருவருக்கு ஓர் இரவில் ஒரே சண்டை, ஒரே எடை பார்ப்பு.

எதிர்வாதம் தெரியும். 125 பவுண்டு வீரர்கள் மட்டும் நிறைந்த இரவை யார் பார்ப்பார்கள்? நடுவில் ஒரு ஹெவிவெயிட் நாக்-அவுட் வேண்டாமா? அதற்குத்தான் இரண்டாவது பிரிவு. ஒரு சிறிய எடையோடு ஒரு பெரிய எடையைச் சேர்த்தால் போயிற்று. உண்மையான தடை வேறு. 2013 முதல் யூ.எஃப்.சி.க்குத் தரவரிசை இருக்கிறது, ஊடகக்காரர்கள் வாக்களிக்கிறார்கள். அந்தப் பட்டியல் யாரையும் கட்டுப்படுத்தாது. குத்துச்சண்டையில் தரவரிசையை எந்த அடிப்படையில் போடுகிறோம் என்று வெளியிடச் சொல்லும் அமெரிக்காவின் அலி சட்டம் 2000இல் வந்தது, எம்.எம்.ஏ.வுக்கு அது பொருந்தாது. வரிசை தெளிவாகிவிட்டால் 'என் முறை வந்துவிட்டது' என்று வீரன் கேட்பான். தெளிவில்லாமல் இருப்பது நிறுவனத்துக்கு வசதி. டாம் ஆஸ்பினால் 2023 நவம்பரில் ஹெவிவெயிட் இடைக்காலச் சாம்பியன் ஆகி, அந்த இடைக்காலப் பட்டத்தையே ஒருமுறை காத்து, அசல் சாம்பியன் ஜான் ஜோன்ஸ் 2025 ஜூனில் ஓய்வு அறிவிக்கும் வரை அப்படியே காத்திருந்தார். சாம்பியன் இத்தனை மாதம் வராவிட்டால் பட்டம் காலி என்று எழுதிவைத்திருந்தால் அவருக்கு ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும்.

சரி, லாஸ் வேகஸில் உட்கார்ந்திருக்கும் யூ.எஃப்.சி. நம் பேச்சைக் கேட்கப்போவதில்லை. நம் ஊர்ப் போட்டிகளிலாவது இதைச் செய்யலாம். அமெச்சூர் போட்டிகளில் யாருடைய கையுறை தயாராக இருக்கிறதோ அவரைக் கூப்பிடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. 57 கிலோப் பையன் காலையில் வார்ம்-அப் செய்து, ஆறிப்போய், மறுபடி செய்து, சாயங்காலம் பசியோடு உள்ளே போவான். சாப்பிடலாமா கூடாதா என்றுகூட அவனுக்குத் தெரியாது. எடை வாரியாக நேரம் போட்டுச் சுவரில் ஒட்டினாலே இதில் பாதி தீர்ந்துவிடும். நான் ஜோடி போடும் இடங்களில் குறைந்த எடையில் தொடங்கி, ஒரு பிரிவின் ஒரு சுற்று முழுவதும் முடிந்த பிறகே அடுத்த பிரிவைக் கூப்பிடுகிறோம். காத்திருக்கும் பெற்றோருக்கும் நிம்மதி, பக்கத்தில் நிற்கும் மருத்துவருக்கும் அடுத்து யார் வருகிறார் என்று தெரியும்.

பிள்ளையை அனுப்பும் பெற்றோர் மூன்று விஷயங்களைப் போட்டிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எடை எப்போது பார்ப்பார்கள், எத்தனை முறை பார்ப்பார்கள். அந்தப் பிரிவில் எத்தனை பேர், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை சண்டை. ஆள் குறைந்தால் பக்கத்துப் பிரிவோடு சேர்ப்பார்களா, சேர்த்தால் எத்தனை கிலோ வித்தியாசம் வரை. வளரும் பிள்ளை பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு வியர்க்க ஓடித்தான் அந்த எடையைக் காட்ட முடியும் என்றால் அது அவனுடைய பிரிவு அல்ல, ஒரு பிரிவு மேலே போடச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு 'அதெல்லாம் அங்கே வந்து பார்த்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால் பெயர் கொடுக்க வேண்டாம். கட்டணம் கட்டியிருந்தால் அது போனால் போகட்டும்.