சலாது இலைச் சுருள் ஏன் துவண்டுபோகிறது?

சலாது இலை குளிரை விரும்பும் பயிர். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் அதனையடுத்த கந்தப்பளை, இராகலைப் பகுதிகளிலும் அது செழித்து வளர்வதற்கும், வெப்பமான தாழ்நிலத்தில் விரைவிலேயே தண்டெடுத்துப் பூத்துக் கசந்துபோவதற்கும் இதுவே காரணம். ஆகவே, கொண்டைக்கடலை, எள்ளு, வெள்ளரிக்காய், தக்காளி ஆகியவற்றை அந்த இலையில் வைத்துச் சுருட்டி, மத்தியதரைக் கடல் நாடுகளின் பாங்கில் மரக்கறி உணவொன்றைத் தயாரிக்க விரும்பும் மலையகத்தவர் முதன்மைப் பொருளுக்கு அலைய வேண்டியதில்லை. சுருட்டிய சிறிது நேரத்திலேயே இலை துவண்டு நீர் விட்டுவிடுவதுதான் சிக்கல்.

இலையின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் நீராகும். கலங்களினுள் நிறைந்த நீர் கலச்சுவரை வெளிநோக்கித் தள்ளும்போது உண்டாகும் வீக்க அமுக்கமே மெல்லிய இலையை விறைப்பாக நிறுத்தி, கடிக்கும்போது மொறுமொறுப்பைத் தருகிறது. பறித்த பின்னரும் இலைவாய்கள் எனும் நுண்துளைகளினூடாக நீர் ஆவியாகிக்கொண்டிருப்பதால், சந்தையிலிருந்து வரும் இலை சற்றுத் தளர்ந்தே இருக்கும். கலமென்சவ்வுகள் சிதையாதிருந்தால், குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் ஊறவிடும்போது பிரசாரணத்தினால், அதாவது கரைசல் செறிவு கூடிய பக்கத்துக்கு மென்சவ்வினூடாக நீர் நகர்வதால், நீர் உட்புகுந்து விறைப்பு மீளும். நுவரெலியாவின் குழாய்நீர் இருக்கும் குளிருக்கு, பனிக்கட்டி தேவைப்படுவதில்லை.

உப்பு இதற்கு நேர்மாறாகச் செயற்படுகிறது. கலத்துக்கு வெளியே உப்புக் கரைசல் செறிவாக இருந்தால், உள்ளிருக்கும் நீர் வெளியேறிவிடும். எனவே வெள்ளரிக்காய்த் துண்டுகளில் முன்கூட்டியே உப்பிட்டு, ஊறிய நீரைப் பிழிந்து அகற்றுவதும், தக்காளியின் விதைச் சதையை நீக்குவதும் நல்லது. எண்ணெயும் இலைக்குக் காவல் அன்று. இலையின் மேற்பரப்பிலுள்ள மெழுகுப் படலத்தில் நீர் ஒட்டாமல் உருண்டோட, எண்ணெயோ அதில் பரவி உட்புகுந்து இலையைக் கருக்கச் செய்கிறது. அதனால் ஒலிவ் எண்ணெயை இலையில் ஊற்றாமல், அரைத்த கடலை, எள்ளு விழுதுடன் சேர்த்துக் குழைப்பதே முறை. கடலையின் மாப்பொருளும் புரதமும் நீரையும் எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்வதால் விழுதிலிருந்து எதுவும் எளிதில் கசிவதில்லை.

கடலையை அவிப்பதில்தான் மலைநாட்டுக்கே உரிய இடர் ஒன்றுண்டு. நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கடல்மட்ட அளவின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே என்பதால், நீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பானையில் வெப்பநிலை அதற்கு மேல் ஏறாது. பருப்புக் கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் அந்த வெப்பநிலையில் மெதுவாகவே இளகும். இரவு முழுவதும் ஊறவைத்து, பிரஷர் குக்கரில் அவித்தால் இத்தடை நீங்கும். ஊறும் நீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா இடுவதும் பெக்டினை விரைவில் கரையச் செய்யும். மிகுந்தால் சவர்க்காரச் சுவை வந்துவிடும்.

சுருட்டுவதற்குச் சற்று முன்னர் தேசிக்காய்ச் சாற்றை விழுதில் பிழிய வேண்டும். கடலையிலுள்ள இரும்பு இறைச்சியின் இரும்பைப்போல் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. தேசிக்காயின் விற்றமின் சி அதனைக் கரையும் நிலையில் வைத்து உறிஞ்சலைக் கூட்டுகிறது. தேநீரிலுள்ள பொலிபீனோல்களோ அதே இரும்புடன் பிணைந்து உறிஞ்சலைக் குறைக்கின்றன. தேயிலை விளையும் ஊரில் இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் உணவோடு தேநீர் அருந்தாமல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து அருந்தினால் இவ்விழப்புப் பெருமளவு குறையும்.