பங்கு கேட்கிற அண்ணன் தம்பிகளுக்கு

மட்டக்களப்பில் உறுதி எழுதும் நொத்தாரிசு வேலை எனக்கு. புளியந்தீவு, தாண்டவன்வெளி, கல்லடி என்று பல இடத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் காணி விசயமாக வருகின்றன. கோயிலில் ஒரே வாங்கில் இருந்து ஜெபித்தவர்கள் ஆளுக்கொரு சட்டத்தரணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க மனம் நோகிறது. "எனக்குக் கூடுதலா வேணும்" என்று அவர்களில் ஒருவரும் சொல்வதில்லை. "காணி பெரிசில்ல ஐயா, நியாயம் வேணும்" என்பார்கள். பொருளாசை நம் வீடுகளுக்குள் நியாயத்தின் பெயரில்தான் நுழைகிறது.

லூக்கா 12இல் ஒருவன் இயேசுவிடம் வந்து, ஆஸ்தியைப் பங்கிடும்படி தன் சகோதரனுக்குச் சொல்லச் சொல்கிறான். அவன் கேட்டது பொய்யான பங்கு என்று இயேசு சொல்லவில்லை. ஆனாலும் பங்கிடும் வேலையை ஏற்காமல், "பொருளாசையைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள்" என்கிறார். அடுத்து, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானின் கதை. அவன் களவெடுத்ததாகக் கதையில் இல்லை. நிலம் நன்றாக விளைந்தது. ஆனால் அவன் பேச்செல்லாம் என் தானியம், என் களஞ்சியம். உரிமை இருப்பதால் மட்டும் ஆசை இல்லை என்று ஆகிவிடாது. கொலோசெயர் 3:5 பொருளாசையை விக்கிரகாராதனை என்றே சொல்கிறது. குடியைப் பற்றிக் கேட்கிற அளவுக்கு இதைப் பற்றிப் பிரசங்கம் கேட்கக் கிடைப்பதில்லை.

மகளுக்கு வீடு கொடுப்பது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கம். வாயால் மட்டும் கொடுத்துவிட்டுத் தகப்பன் கண்ணை மூடும்போதுதான் சிக்கல். நொத்தாரிசு உறுதி இல்லாமல் கொடுத்த காணி கைமாறாது. வடக்குத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டம் இங்கே இல்லை. எழுதி வைக்காமல் தகப்பன் இறந்தால், பொதுச் சட்டப்படி பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. அண்ணன் சட்டத்தைக் காட்டுவான், தங்கை அப்பாவின் சொல்லைக் காட்டுவாள். அப்புறம் பங்கு வழக்கு. தொடங்கியவர் இறந்து அவர் பிள்ளைகள் நடத்துகிற வழக்குகளும் உண்டு.

வயதான தாய் ஒருவர் நன்கொடை உறுதியில் கைநாட்டு வைக்க வந்தார். பெருவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "மனே, இதுக்குப் பிறகு நான் எங்க இருக்கிற?" என்று கேட்டார். மகளும் மருமகனும் வாய் திறக்கவில்லை. சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அவர் வீட்டில் இருக்கும் உரிமையை, வைத்து எழுதுவோம் என்றதும் மருமகனின் முகம் மாறியது. காணிக்கை என்று சொல்லித் தாய்தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை மாற்கு 7இல் இயேசு கண்டிக்கிறார். நம்மவர்களுக்கு அந்தச் சாட்டுக்கூடத் தேவைப்படுவதில்லை.

பெற்றோரே, உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள், சாகும்வரை இருக்கும் உரித்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதுங்கள். பிள்ளைகள் எல்லோரையும் இருத்தி வாசித்துக் காட்டுங்கள். மீளப்பெற முடியாதபடி எழுதிக் கொடுத்த நன்கொடையை மனம் மாறியதும் கிழித்துப்போட முடியாது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிள்ளையின் பெரும் நன்றிகேட்டைக் காட்டி நீதிமன்றம் போயாக வேண்டும்.

போதகர்மாருக்கும் ஒன்று. "ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை?" என்ற 1 கொரிந்தியர் 6:7ஐக் காட்டி, பங்கு பறிபோன தங்கையின் வாயை அடைக்காதீர்கள். சகோதரருக்கே நஷ்டம் செய்கிறவர்களை அடுத்த வசனம் கண்டிக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, வீடும் வயலும் ஏற்கெனவே உள்ள அண்ணனிடம் முதலில் போய்ப் பேசுங்கள்.