பாணனின் கையில் இரண்டாவது பகடை

கதாபாத்திரங்களாக மாறிக் கதை சொல்லி, பகடை உருட்டி முடிவுகளைத் தீர்மானிக்கும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில், பாட்டாலும் மந்திரத்தாலும் தோழர்களுக்கு உதவும் பாணனாக ஆடும் வாசகி ஒருவர், "குணமாக்கும் மந்திரத்துக்குப் புது விதிநூலில் ஒரு பகடை கூட்டியிருக்கிறார்கள். அதனால் ஆடும் முறையே மாறிவிட்டது என்கிறார்களே, எப்படி?" என்று கேட்டிருந்தார்.

2014 விதிநூலுக்கும் 2024 விதிநூலுக்கும் இடையே பாணனுக்கு நேர்ந்த மாற்றங்கள் பல. 'அறிந்த மந்திரங்கள்' என்றிருந்தவை 'தயாரித்த மந்திரங்கள்' ஆயின. நிலை உயரும்போது ஒன்றை மாற்றிக்கொள்ளலாம் என்பது முன்பும் இருந்ததுதான். ஓய்வின்போது பாடித் தோழர்களைக் கூடுதலாகத் தேற்றும் 'சாங் ஆஃப் ரெஸ்ட்' நீக்கப்பட்டது. ஆனால் என்னை ஈர்ப்பது, தொட்டுக் குணமாக்கும் 'க்யூர் வூண்ட்ஸ்' மந்திரத்தின் கணக்கு. முன்பு ஓர் எட்டுமுகப் பகடையை உருட்டி, பாணனின் மந்திரத் திறனைக் குறிக்கும் திறன் எண்ணைக் கூட்டுவார்கள்; அத்தனை உயிர்ப்புள்ளிகள் தோழனுக்குத் திரும்பக் கிடைக்கும். இப்போது இரண்டு பகடைகள்.

ஒற்றைப் பகடையில் 1 முதல் 8 வரை எந்த எண்ணுக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். இரண்டை உருட்டினால் 64 விதமாக விழலாம்; அவற்றில் கூட்டுத்தொகை 2 ஒரே வழியில்தான் வரும், 9 வருவதற்கோ 1-8, 2-7 எனத் தொடங்கி 8-1 வரை எட்டு வழிகள் உண்டு. வரைபடமாகப் போட்டால், திண்ணைபோல் தட்டையாக இருந்தது நடுவில் உயர்ந்த ஓட்டுக்கூரையாகிவிடுகிறது. பகடையில் 4 அல்லது அதற்கும் குறைவாக விழுந்து மந்திரம் சப்பென்று போகும் வாய்ப்பு முன்பு 50 சதவீதம்; இப்போது 64-இல் 6, அதாவது ஏறத்தாழ 9 சதவீதம். பகடையின் சராசரி இரட்டிப்பானதைவிட இந்த நம்பகத்தன்மையே பெரிய மாற்றம் என்பேன்.

'ராசியில்லாத பகடை' என்று ஒன்றை ஒதுக்கிவைப்பவர்கள் இந்த 64 விதங்களையும் ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்; பள்ளியிலும் நிகழ்தகவைச் சூத்திரத்தில் தொடங்காமல் இப்படி எண்ணுவதில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி களத்துக்கு வருவோம். உயிர்ப்புள்ளி 5 மட்டுமே மிஞ்சிய வீரன் ஒருவன் ஓகர் என்னும் அரக்கன் முன் நிற்கிறான். அதன் தடியடி குறைக்கும் புள்ளிகள், இரண்டு எட்டுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையுடன் 4, சராசரியாக 13. புள்ளி பூஜ்யமானால் வீரன் மயங்கி விழுவான்; அதற்குக் கீழே புள்ளி இறங்குவதில்லை என்பதால், வீரனைச் சாய்த்த பிறகு மிஞ்சும் அடி பெரும்பாலும் வீணாகிவிடும். எனவே, முன்கூட்டிக் குணமாக்கியும் அவன் விழத்தான் போகிறான் என்றால், விழுந்தபின் எழுப்புவதே சிக்கனம். பழைய விதியில் ஆட்டக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். பாணனின் திறன் எண் 3 என்று கொண்டு எல்லா விதங்களையும் எண்ணிப் பார்த்தேன். முன்கூட்டிக் குணமாக்கினால், சாதாரணமாக விழும் ஓர் அடியை அவன் தாங்கி நிற்கும் வாய்ப்பு பழைய விதியில் 41 சதவீதம், புதிய விதியில் 77 சதவீதம். காத்திருப்பதற்கு இருந்த காரணம் இங்கே உடைகிறது.

அதே கணக்கை 'ஹீலிங் வேர்ட்' மந்திரத்துக்கும் போட்டேன். அதுவும் ஒரு நான்குமுகப் பகடையிலிருந்து இரண்டாகியிருக்கிறது. ஆயினும் வாய்ப்பு 20-இலிருந்து 45 சதவீதம் வரைதான் ஏறுகிறது. 60 அடி தொலைவிலிருந்தே, தன் முறைக்குரிய முதன்மைச் செயலைச் செலவழிக்காமல் சொல்லக்கூடிய அந்த ஒரு சொல்லை, வாசகி இப்போதும் விழுந்தவனுக்காகவே வைத்திருக்கலாம்.