ஏலியன்: அயலர்

‘ஏலியன்’ என்றதும் பறக்கும் தட்டும் பெரிய கண்களும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சொல் பிறந்த இடத்தில் வானமே கிடையாது. லத்தீனில் ‘அலியுஸ்’ என்றால் ‘வேறு’. அதிலிருந்து ‘அலியேனுஸ்’, அதாவது பிறருக்கு உரியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பல நூற்றாண்டுகள் வெளிநாட்டாரையே குறித்தது. விண்வெளிப் பொருளைப் பரப்பியவை 20ஆம் நூற்றாண்டின் அறிவியல் புனைகதைகள்.

தமிழில் ‘வேற்றுக்கிரகவாசி’ என்கிறோம். பூமியில் வந்து இறங்குபவருக்கு அது சரி. மனிதர்கள் இன்னொரு கோளில் குடியேறி, அங்கே முன்பே வாழும் உயிர்களோடு சேர்ந்து வாழும் கதைக்கு அது பொருந்தாது. அந்த மண் அவர்களுடையது. வேற்றுக்கிரகத்திலிருந்து போனவர்கள் நாம்தான். ‘அந்நியர்’ என்றால் கதை தொடங்கும் முன்பே பகை வந்துவிடுகிறது.

‘அயலர்’ என்பதே என் தேர்வு. அயல் என்றால் பக்கம், அண்டை. வெளி, பிற என்றும் பொருள். அயல்வீட்டுக்காரரும் அயல்நாட்டுக்காரரும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். யார் முதலில் வந்தவர் என்று அது தீர்ப்பு சொல்வதில்லை.

நீலகிரிக்காரர்களுக்கு இந்த இரட்டைப் பொருள் புதிதல்ல. தோடர்களிடம் எருமை, கோத்தர்களிடம் கொல்லுப்பட்டறையும் மண்பாண்டமும், படுகர்களிடம் விளைச்சல், குறும்பர்களிடம் தேனும் காட்டுப் பொருள்களும். மொழி வேறு, வழிபாடு வேறு. ஆனாலும் நெய்யும் தானியமும் அரிவாளும் கைமாறின. படுகர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர் வந்து இசைக்கருவி வாசித்தார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு அச்சமும் இருந்தது, விலக்கும் இருந்தது. வேற்றுக் கோளில் கூடி வாழ்வதைத் தமிழில் எழுத நினைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? அப்புறம் 1819இல் கோயம்புத்தூரின் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். அதன்பின் வந்த குடியேற்றம் வேறு மாதிரிக் கதை, அதுவும் எழுதப்பட வேண்டியதுதான்.

செடிகொடிகளுக்கும் இதே சொல் பொருந்தும்: அயலினம். ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்), அமெரிக்க வெப்பமண்டலத்து உண்ணிச்செடியும் (லந்தானா) அயலினங்கள். உருளைக்கிழங்கும் அப்படித்தான். ஆனால் சீகை சோலையோரப் புல்வெளியை மூடிவிட்டது, உருளைக்கிழங்கு பாத்தியைத் தாண்டவில்லை. அதனால் சீகை, உண்ணிச்செடி போன்றவற்றுக்கு மட்டும் ‘ஆக்கிரமிப்பு அயலினம்’ என்று அடைமொழி சேர்த்து எழுதலாம்.